டைம் அவுட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜாஸ் கேட்கத் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது டேவ் புரூபெக்கின் 'டைம் அவுட்'. கேட்டுவிட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிச் சந்தேகங்களைத்தான் எழுப்புகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைப்பது நல்லது என்று தோன்றியது. கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

இது என்ன ஆல்பம்? யார் யார் வாசிச்சிருக்காங்க? சுருக்கமா சொல்லுங்க.

1959இல் நியூயார்க்கில் பதிவாகி, அதே ஆண்டு டிசம்பரில் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட ஜாஸ் ஆல்பம். தலைவர் பியானோ வாசித்த டேவ் புரூபெக். ஆல்டோ சாக்ஸபோன் பால் டெஸ்மண்ட், பேஸ் (கனத்த தொனியுள்ள பெரிய தந்தி வாத்தியம்) யூஜின் ரைட், டிரம்ஸ் ஜோ மோரெல்லோ. மொத்தம் ஏழு டிராக், சுமார் 38 நிமிடம். ஆறு புரூபெக் எழுதியவை, ஒன்று டெஸ்மண்ட் எழுதியது.

பதிவு நடந்தது கொலம்பியாவின் 30ஆம் தெரு ஸ்டுடியோவில். ஒரு பழைய தேவாலயக் கட்டடத்தை ஸ்டுடியோவாக மாற்றியிருந்தார்கள். கூரை மிக உயரம் என்பதால், நான்கே பேர் வாசித்தாலும் ஒலி அகலமாக விரிகிறது. டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் புகழ்பெற்ற ஆல்பமான 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வும் அதே ஆண்டு அதே ஸ்டுடியோவில்தான் பதிவானது. ஜாஸில் 1959ஐ ஏன் தனியாகக் கொண்டாடுகிறார்கள் என்பதற்கு இந்த இரண்டே போதும்.

பாட்டே இல்லை, வெறும் வாத்தியம்தான். எங்கிருந்து ஆரம்பிச்சா பிடிபடும்?

தட்டில் இருக்கும் வரிசையிலேயே கேட்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. முதல் டிராக்கான 'ப்ளூ ரோண்டோ அ லா டர்க்' கொஞ்சம் மிரட்டும். மூன்றாவதாக வரும் 'டேக் ஃபைவ்'தான் நல்ல வாசல். முதலில் டிரம்ஸ், அப்புறம் பியானோ, பிறகு பேஸ், கடைசியில் சாக்ஸபோன் என்று ஒவ்வொருவராக வந்து சேர்கிறார்கள். எந்த வாத்தியம் எது என்று காதுக்கு அதுவே அறிமுகம் செய்து வைத்துவிடும்.

அடுத்து 'திரீ டு கெட் ரெடி', அதற்குப் பிறகு 'ஸ்ட்ரேஞ்ச் மெடோ லார்க்'. இந்த மூன்றும் மனதில் ஒட்டிய பிறகு 'ப்ளூ ரோண்டோ'வுக்குத் திரும்புங்கள். முதல் தடவை கேட்கும்போது எந்த எண்ணிக்கையும் போட வேண்டாம். மெட்டு மட்டும் உள்ளே இறங்கட்டும்.

எல்லாரும் தாளம், தாளம்னே பேசுறாங்களே, அப்படி என்ன புதுசு?

அன்றைய அமெரிக்க ஜாஸ் பெரும்பாலும் நாலு எண்ணிக்கையில்தான் நடந்தது. நடனத்திலிருந்து வளர்ந்த இசை அது. கால் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று பழகியிருந்தது. மூன்று எண்ணிக்கை வால்ட்ஸ் அவ்வப்போது தலைகாட்டும். டிரம்மர் மாக்ஸ் ரோச் 1957இல் மூன்று எண்ணிக்கையிலேயே ஓர் ஆல்பம் செய்திருந்தார். ஆனால் ஐந்தும் ஒன்பதும் ஜாஸ் மேடையில் அபூர்வம்.

புரூபெக் அந்தப் பழக்கத்தை ஒரு முழு ஆல்பத்தின் அளவுக்கு உடைத்தார். இருந்தாலும் எண்ணிக்கை விசித்திரமாக இருப்பதாலேயே ஒரு இசை அறுபது ஆண்டுக்கு மேல் நிற்காது. கணக்கை மட்டும் காட்டிய பரிசோதனைகள் எத்தனையோ வந்து மறைந்துவிட்டன. இந்த ஆல்பம் நிற்பதற்கு இரண்டு காரணம் என்பேன். ஒன்று, குளித்துக்கொண்டே முணுமுணுக்கத் தக்க மெட்டுகள். இன்னொன்று, ரைட்டும் மோரெல்லோவும் போட்டுத் தரும் தரை. கீழே உள்ள பல பதில்கள் இந்த இரண்டில்தான் வந்து முடியும்.

'டேக் ஃபைவ்' கண்ட சாபுதானே? நம்மகிட்ட எப்பவோ இருக்கிறதுதானே?

ஐந்து எண்ணிக்கை என்பதால் உறவு உண்டு, ஆனால் ஒன்றே அல்ல. கண்ட சாபுவை 'தக தகிட' என்று, அதாவது இரண்டும் மூன்றுமாகப் பிரித்துப் போடுகிறோம். 'டேக் ஃபைவ்' அதற்கு நேர்மாறு: 'தகிட தக', மூன்றும் இரண்டும். பியானோவின் இடைவிடாத அந்த அடியைக் கவனித்தால் பிரிவு தெளிவாகக் கேட்கும். இதோடு ஸ்விங் என்று ஜாஸ்காரர்கள் சொல்லும் அசைவும் சேர்கிறது. ஒவ்வொரு எண்ணிக்கைக்கு உள்ளேயும் முதல் பாதி நீண்டு, இரண்டாம் பாதி குறுகும். நம் சாபுவில் அந்தச் சாய்வு கிடையாது.

'நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது' என்று சொல்லித் தள்ளிவிடுகிறவர்களிடம் ஒன்று கேட்பேன். ஐந்தில் நடந்துகொண்டே ஸ்விங் அசைவைக் குலைக்காமல் வைத்திருப்பது எவ்வளவு கடினம் என்று ஒரு நிமிடம் கைதட்டிப் பாருங்கள். இங்கே சாதனை அதுதான். இந்தியப் பயணத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்பதைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

'ப்ளூ ரோண்டோ' ஒன்பதுன்னு சொல்றாங்க. தாளம் போட்டா தப்பிப்போகுதே?

மும்மூன்றாக ஒன்பது போட்டால் கட்டாயம் தப்பும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

தக தக தக தகிட
தக தக தக தகிட
தக தக தக தகிட
தகிட தகிட தகிட

ஒவ்வொரு வரியும் ஒன்பது. முதல் மூன்று வரியில் பிரிவு இரண்டு, இரண்டு, இரண்டு, மூன்று. நாலாவது வரியில் மட்டும் மும்மூன்று. கொன்னக்கோல் காதில் விழுந்து வளர்ந்தவர்களுக்கு இது ஒரே நாளில் பிடிபடும்.

சரி, அதோடு முடியவில்லை. முதல் பகுதி ஓடி முடிந்ததும் திடீரென்று நிதானமான நாலு எண்ணிக்கை எட்டிப் பார்க்கும், மறுபடி ஒன்பது குறுக்கிடும், மறுபடி நாலு. இப்படி இரண்டும் மாறி மாறி வந்து, கடைசியில் நாலு ஜெயித்து, டெஸ்மண்ட் சாவகாசமாக ப்ளூஸ், அதாவது ஜாஸுக்கு வேரான கறுப்பின அமெரிக்கர்களின் இசை வடிவம், வாசிக்கத் தொடங்குவார். முதல் மெட்டு திரும்பத் திரும்ப வரும் வடிவத்துக்கு ரோண்டோ என்று பெயர். பெயரில் ப்ளூஸும் ரோண்டோவும் சேர்ந்திருப்பது இதனால்தான். அந்த நாலுக்குள் நுழையும் கணத்தில் பேஸைக் கவனியுங்கள். ரைட் எந்த ஆர்ப்பாட்டமும் இல்லாமல் நடைபோடத் தொடங்குகிறார், மொத்த இசையும் உடம்பைத் தளர்த்திக்கொள்கிறது. இந்த ஆல்பத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது.

அது மொஸார்ட்டோட துருக்கி ரோண்டோவைக் காப்பியடிச்சதுன்னு படிச்சேனே?

இல்லை. பெயர் ஒத்துப்போவதால் பரவிய தவறான கருத்து. மொஸார்ட்டின் பியானோ சொனாட்டாவில் 'துருக்கி முறையில்' என்று பெயரிட்ட ஒரு ரோண்டோ இருப்பது உண்மை. ஆனால் அது சாதாரண இரண்டு எண்ணிக்கையில் போகிறது, மெட்டும் வேறு.

புரூபெக்குக்குத் தூண்டுதல் வந்தது 1958இல் இஸ்தான்புல் தெருவில் கேட்ட இசையிலிருந்து. தெருவில் சிலர் மேலே சொன்ன பிரிவில் ஒன்பதை வாசித்துக்கொண்டிருந்தார்கள். அன்று வானொலி நிலையத்துக்குப் போனபோது அங்கிருந்த இசைக்கலைஞர்களிடம் விசாரித்திருக்கிறார். உங்களுக்கு ப்ளூஸ் எப்படியோ அப்படித்தான் எங்களுக்கு இது என்று பதில் வந்ததாகப் பிற்காலத்தில் பல முறை சொல்லியிருக்கிறார். ஒன்பதையும் ப்ளூஸையும் ஒரே கூரையின் கீழ் வைக்கும் எண்ணம் அந்தப் பதிலிலேயே இருக்கிறது.

மீதி டிராக் எல்லாமே இப்படிக் கஷ்டமான கணக்குதானா?

இல்லவே இல்லை. 'ஸ்ட்ரேஞ்ச் மெடோ லார்க்' சுமார் இரண்டு நிமிடம் தாளக்கட்டே இல்லாத தனிப் பியானோவாகத் தொடங்கி, பிறகு சாதாரண நாலுக்கு வருகிறது. 'டேக் ஃபைவ்' வெளிச்சத்தில் மறைந்துபோன அருமையான மெட்டு அது. 'திரீ டு கெட் ரெடி' மூன்றில் தொடங்கி, பிறகு இரண்டு மூன்று, இரண்டு நாலு என்று மாறி மாறிப் போகும். 'தகிட தகிட தகதிமி தகதிமி' என்று சொல்லிக்கொண்டே கேட்டால் ஒரு குழந்தைகூடப் பின்தொடரும்.

'கேத்திஸ் வால்ட்ஸ்' மகளுக்காக எழுதியது. நாலில் தொடங்கி மூன்றுக்குப் போகும். மோரெல்லோ மூன்றில் நிற்க, அதன்மேல் பியானோ நாலாக நடக்கும் இடமும் உண்டு. கடைசி இரண்டு டிராக், 'எவ்ரிபடிஸ் ஜம்பின்', 'பிக் அப் ஸ்டிக்ஸ்', ஆறு எண்ணிக்கை. இரண்டாவதில் பேஸ் ஒரு சிறு சுற்றைத் திரும்பத் திரும்ப வாசிக்க, மற்றவர்கள் அதன்மேல் கட்டுகிறார்கள்.

'டேக் ஃபைவ்' எழுதினது புரூபெக் இல்லையாமே?

ஆமாம், எழுதியவர் என்று பெயர் இருப்பது பால் டெஸ்மண்டுக்கு. மோரெல்லோ ஐந்து எண்ணிக்கையில் அடிக்கடி விளையாடிக்கொண்டிருப்பார். அவருக்கென்று ஐந்தில் ஒரு டிராக் வேண்டும் என்று டெஸ்மண்டிடம் மெட்டுக் கேட்டார்கள். டெஸ்மண்ட் இரண்டு துண்டு மெட்டுகளோடு வந்தார். ஒன்றை முதலிலும் இறுதியிலும் வைத்து, இன்னொன்றை நடுவில் வைத்தால் முழுசாகிவிடும் என்று வடிவம் கொடுத்தவர் புரூபெக்.

முதல் நாள், ஜூன் 25, எத்தனையோ தடவை முயன்றும் சரியாக அமையாமல் விட்டுவிட்டார்கள். ஜூலை 1 அன்றுதான் கைகூடியது. டெஸ்மண்ட் 1977இல் இறந்தபோது தன் இசையின் உரிமைத்தொகையை அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு எழுதி வைத்தார். உலகில் எங்கு 'டேக் ஃபைவ்' ஒலித்தாலும் ஒரு பங்கு அங்கே போய்ச் சேர வழி செய்த உயில் அது.

தலைவர் பியானோக்காரர். அந்தப் பாட்டுல பியானோ ஒரே இடத்துல நிக்குதே, சோலோகூட இல்லையே?

அப்படி நிற்பதுதான் அங்கே அவருடைய வேலை. நடு மெட்டு வரும் இடங்களைத் தவிர, பெரும்பாலும் இரண்டே கார்டை (பல சுரங்களை ஒன்றாக அழுத்துவது கார்டு) அதே 'தகிட தக' பிரிவில் அடித்துக்கொண்டே இருக்கிறார். மோரெல்லோவின் டிரம்ஸ் சோலோ ஏறக்குறைய இரண்டு நிமிடம் நீள்கிறது. அந்த நேரம் முழுவதும் பியானோ அசையாமல் அடியைப் பிடித்துக்கொண்டிருப்பதால்தான் டிரம்ஸ் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போய்வர முடிகிறது. மோரெல்லோ அங்கே வேகம் காட்டுவதைவிட மௌனத்தை அதிகம் பயன்படுத்துகிறார். ஓர் அடி, பிறகு இடைவெளி, அந்த இடைவெளிக்குள் பியானோவின் அடி கேட்கும்.

தன் பெயரில் வரும் ஆல்பத்தின் ஆகப் புகழ்பெற்ற டிராக்கில் தனக்கென்று ஒரு சோலோகூட வைத்துக்கொள்ளாத தலைவரை நான் மதிக்கிறேன். பியானோக்காரராக அவரைக் கேட்க வேண்டுமென்றால் 'ஸ்ட்ரேஞ்ச் மெடோ லார்க்' தொடக்கத்தையும் 'ப்ளூ ரோண்டோ'வில் டெஸ்மண்டுக்குப் பின் வரும் பகுதியையும் கேளுங்கள்.

புரூபெக்குக்கு முறையா நோட்டேஷன் படிக்கத் தெரியாதாமே? அப்புறம் எப்படி இப்படி எழுதினார்?

கல்லூரி நாட்களில் அது உண்மைதான். கலிஃபோர்னியாவில் மாட்டுப் பண்ணைக் குடும்பத்தில் 1920இல் பிறந்தவர். கால்நடை மருத்துவம் படிக்கப் போய், இசைக்கு மாறினார். காதாலேயே வாசித்துக் காலம் தள்ளியவருக்கு நோட்டேஷன் வாசிக்கத் தெரியாது என்பது கடைசியில் வெளிப்பட்டது. பியானோ கற்பிக்கப் போக மாட்டேன் என்று உறுதி கொடுத்த பிறகே பட்டம் கிடைத்தது. போருக்குப் பிறகு மில்ஸ் கல்லூரியில் பிரெஞ்சு இசையமைப்பாளர் டாரியஸ் மியோவிடம் பாடம் கேட்டார். ஜாஸை விட்டுவிடாதே என்று ஊக்கியவர் மியோ. ஒரே நேரத்தில் வேறு வேறு சுருதிகளை அடுக்கும் பழக்கமும் அந்தப் பாடத்தில் ஊறியதே.

ஜாஸ் விமர்சகர்கள் நிறையப் பேர் 'இவர்கிட்ட ஸ்விங் இல்லை, தடதடன்னு அடிக்கிறார்'னு எழுதியிருக்காங்களே?

அக்கால விமர்சகர்கள் பலருக்கு இந்த ஆல்பம் பிடிக்கவில்லை என்பது உண்மை. கனமான கார்டுகளை அடுக்கி அடிப்பார் என்பதும் உண்மை. அதற்கு ஓர் உடல் காரணமும் உண்டு. 1951இல் ஹவாயில் கடலில் பாய்ந்தபோது கழுத்தில் பலத்த அடி. கையில் நரம்பு வலி மிஞ்சியது. ஒற்றை ஒற்றை சுரமாக வேகமாக ஓடுவதைவிடக் கார்டுகளைச் சேர்த்து வாசிப்பது அதன்பின் அதிகமாகியது.

ஆனாலும் 'ஸ்விங் இல்லை' என்பதை நான் ஏற்கவில்லை. குவார்ட்டெட்டில், அதாவது நால்வர் குழுவில், ஸ்விங் பியானோவில் மட்டுமா இருக்க வேண்டும்? மோரெல்லோவும் ரைட்டும் ஒரு நொடிகூட அதைக் கைவிடவில்லை. டெஸ்மண்டின் லேசான தொனிக்கு எதிரே பியானோவின் கனம் இல்லாவிட்டால் இந்த இசை வெறும் மென்மையாகவே போயிருக்கும். உரசல் இருப்பதால் உயிர் இருக்கிறது.

கம்பெனி இதை வெளியிடவே விரும்பலையாமே?

விற்பனைப் பிரிவில் தயக்கம் இருந்தது. தெரிந்த பாட்டு ஒன்றுகூட இல்லை, எல்லாமே புதியவை. ஆட முடியாத தாளங்கள். அட்டையில் கலைஞர்கள் படத்துக்குப் பதில் நீல் ஃபுஜிட்டா வரைந்த நவீன ஓவியம். இதில் ஒன்றே போதும், கடைக்காரர் யோசிப்பார். அதற்கு ஈடாகப் பழைய, பழகிய பாட்டுகளோடு 'கான் வித் தி விண்ட்' என்ற ஆல்பத்தையும் அதே ஆண்டு செய்து கொடுத்தார் புரூபெக். நிறுவனத் தலைவர் காடர்ட் லீபர்சன் இவர் பக்கம் நின்றது பெரிய பலம்.

1961இல் 'டேக் ஃபைவ்' தனித் தட்டாக (சிங்கிள்) அமெரிக்காவின் பொதுப் பாட்டுப் பட்டியலில் 25ஆம் இடம் வரை போனது. ஆல்பமோ பாப் ஆல்பங்களின் பட்டியலில் 2ஆம் இடம் வரை ஏறியது. ஜாஸில் பத்து லட்சம் பிரதியைத் தொட்ட முதல் ஆல்பம் என்று இதைத்தான் வழக்கமாகச் சொல்கிறார்கள்.

புரூபெக் மெட்ராஸுக்கு வந்தாராமே? நம்ம தாளத்தைக் கேட்டுத்தான் இதைப் பண்ணினாரா?

வந்தார். 1958இல் அமெரிக்க வெளியுறவுத் துறை அனுப்பிய நீண்ட பயணம் அது: போலந்து, துருக்கி, இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், ஈரான், ஈராக் என்று போனது. பம்பாயில் சிதார் கலைஞர் அப்துல் ஹலீம் ஜாஃபர் கானோடு சேர்ந்து வாசித்தார்கள். மெட்ராஸில் மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையும் மோரெல்லோவும் கூடி வாசித்தார்கள். பிள்ளை, மோரெல்லோ இருவரும் லயத்தில் அடங்காத பசி உள்ளவர்கள். அந்தச் சந்திப்பை நினைக்கவே எனக்குச் சிலிர்க்கும்.

ஆனால் 'டைம் அவுட்' நம் தாளத்திலிருந்து பிறந்தது என்று சொல்வது மிகை. ஒன்பதின் மூலம் இஸ்தான்புல். ஐந்து, மேலே சொன்னபடி, மோரெல்லோவின் பழைய விளையாட்டு. அந்தப் பயணம் கொடுத்தது துணிச்சல்: நாலைத் தாண்டி வாழும் இசை உலகெங்கும் சர்வ சாதாரணமாக இருக்கிறது என்பதை நேரில் கண்ட துணிச்சல். இந்தியாவின் நேரடிச் சுவடு வேண்டுமென்றால், 1958இலேயே வந்த 'ஜாஸ் இம்ப்ரெஷன்ஸ் ஆஃப் யூரேஷியா'வில் 'கல்கத்தா ப்ளூஸ்' இருக்கிறது.

யூஜின் ரைட்டைப் பத்தி யாரும் பேசறதில்லையே, நீங்க மட்டும் ஏன் திரும்பத் திரும்பச் சொல்றீங்க?

அவர் காதில் தனியாக விழாமல் வாசித்ததால் பேசுவதில்லை. மேலே மூவரும் ஐந்து, ஒன்பது, மூன்றுமேல் நாலு என்று விளையாடும்போது, எங்கே நிற்கிறோம் என்று கேட்பவருக்குச் சொல்லிக்கொண்டே இருப்பவர் அவர்தான். ஒரு முறை பேஸை மட்டும் பின்தொடர்ந்து முழு ஆல்பத்தையும் கேளுங்கள். சிக்கல் என்று நினைத்த இடமெல்லாம் நேராகிவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. குவார்ட்டெட்டில் ரைட் மட்டும் கறுப்பினத்தவர். அமெரிக்கத் தென் மாநிலங்களில் இனப்பிரிவினை நடைமுறையில் இருந்த காலம். 1960இல் அங்கே கல்லூரிகளில் ஒரு சுற்றுப்பயணம் ஏற்பாடாகியிருந்தது. ரைட்டுக்குப் பதில் வெள்ளையர் ஒருவரைக் கொண்டுவரச் சொன்னார்கள். புரூபெக் மறுத்தார். இருபதுக்கும் மேற்பட்ட கச்சேரிகள் ரத்தாயின, பெரும் வருமானம் போனது. 1967 இறுதியில் குவார்ட்டெட் கலையும் வரை ரைட் கூடவே இருந்தார். நால்வரில் கடைசியாக, 2020 டிசம்பரில் மறைந்தவரும் அவரே.

யூடியூப்ல கேட்ட 'டேக் ஃபைவ்' வேற மாதிரி, ரொம்ப வேகமா இருக்கே? எது உண்மையானது?

இரண்டும் உண்மைதான். 1959 பதிவு அவர்கள் அந்தத் தாளத்துக்குப் புதியவர்களாக இருந்தபோது செய்தது. பிறகு வருடக்கணக்கில் மேடையில் வாசித்து வாசித்து வேகம் கூடியது. 1963 கார்னெகி ஹால் கச்சேரிப் பதிவைக் கேட்டால், ஐந்து அவர்களுக்கு மூச்சு மாதிரி ஆகியிருப்பது தெரியும். இதைப் பாட்டாகவும் கேட்கலாம்: ஜாஸ் பாடகி கார்மென் மெக்ரே பாடியதற்கு வரிகள் எழுதியவர்கள் புரூபெக்கும் அவர் மனைவி அயோலாவும்.

இது பிடிச்சுப்போச்சு. அடுத்து என்ன கேட்கலாம்?

1961இல் வந்த 'டைம் ஃபர்தர் அவுட்'. அதில் 'அன்ஸ்கொயர் டான்ஸ்' என்று ஏழு எண்ணிக்கையில் கைதட்டலும் பேஸும் டிரம்ஸ் குச்சிகளுமாக இரண்டே நிமிடம் ஓடும் டிராக்கை விட்டுவிடாதீர்கள். அடுத்து மேலே சொன்ன கார்னெகி ஹால் பதிவு.

அதன்பின் 2020இல் புரூபெக் குடும்பத்தார் வெளியிட்ட 'டைம் அவுட்டேக்ஸ்'. 1959 ஸ்டுடியோ நாட்களில் பதிவாகி, ஆல்பத்தில் சேராமல் போனவை இதில் இருக்கின்றன. இதிலுள்ள 'டேக் ஃபைவ்'வில் மோரெல்லோவின் அடி நாம் பழகியதுபோல் இல்லை, இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிறது. ஆல்பத்தில் உள்ளதை முதலில் ஒருமுறை கேட்டுவிட்டு உடனே இதைப் போடுங்கள். ரைட் என்ன செய்கிறார் என்று மட்டும் பாருங்கள்.